எண்ணெய் காக்கும் வளையம்

மோட்டார்க் காரின் விரைவையும் வலிமையையும் வியந்து பேசுவோர் பலர். அவ்வலிமைக்கு ஆதாரமான எண்ணெயைக் காத்து நிற்கும் சிறு வளையத்தை எண்ணுவோர் மிகச் சிலரே. ‘ஒயில் சீல்’ என வழங்கும் இவ்வளையத்தின் வரலாற்றை அறியாது பழைய காரொன்றை வீட்டில் வைத்துத் திருத்தப் புகுவோர் வீண் உழைப்புக்கு ஆளாவர்.

சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் ஒழுகாது தடுத்தல் எளிதன்று. இறுக்கி அடைத்தால் தண்டு தேயும். தளர விட்டால் எண்ணெய் கசியும். தொடக்ககாலப் பொறிவல்லார் கம்பளி வளையங்களையும் தோலையும் கையாண்டனர். ஜேர்மனியில் தோல் பதனிடுந் தொழில் நடத்திய பிராய்டன்பேர்க் நிறுவனம், வால்தர் சிம்மர் என்பாரின் முயற்சியால், 1930களின் தொடக்கத்தில் தோல் விளிம்புடைய வளையமொன்றை ஆக்கியது. சில ஆண்டுகளில் தோலின் இடத்தைச் செயற்கை இறப்பர் பெற்றது.

1876இல் கியூ பூங்காவிலிருந்து இறப்பர்க் கன்றுகளைப் பெற்றுப் பின் பெருந்தோட்டங்கள் கண்ட இலங்கையில், இயற்கை இறப்பர் இதற்கு ஏன் உதவவில்லை என்னும் வினா எழுதல் இயல்பே. கனிய எண்ணெய் பட்டவிடத்து இயற்கை இறப்பர் உப்பி, மென்மையுற்று, உருக்குலையும். 1930களில் ஜேர்மானிய இரசாயன அறிஞர் கண்ட நைத்திரைல் இறப்பரோ எண்ணெயைத் தாங்கவல்லது.

ஆயினும் இம்மாற்றம் எல்லா எந்திரங்களையும் ஒருங்கே சென்றடையவில்லை. இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை ஆக்கப்பட்டு, இலங்கைத் தெருக்களிலும் பெருவழக்காயிருந்த மொறிஸ் மைனர் இதற்குத் தக்க சான்றாகும். 1952 முதல் அதிற் பொருத்தப்பட்ட ‘ஏ’ வரிசை எந்திரத்தின் முன்மூடியில் முதலிற் கம்பளி வளையமே இருந்தது. பின்னரே இறப்பர் வளையம் வந்தது. கிராங் தண்டின் பின்முனையிலோ வளையமே இல்லை. தண்டிற் கடையப்பட்ட திருகு வரிகள், அது சுழலுந்தோறும் எண்ணெயை உள்ளே தள்ளும். சுழற்சி நின்றதும் அச்செயலும் நின்றுவிடும். ஆதலின் சிறிது சொட்டுதல் அவ்வமைப்பின் இயல்பேயாம்.

இவ்வேறுபாடே திருத்துவோனுக்கு வழிகாட்டி. முன்புறக் கசிவாயின், றேடியேற்றரையும் கப்பியையும் கழற்றி, மூடியிலுள்ள பழைய வளையத்தை நீக்கிப் புதியதை, அதன் விளிம்பு எந்திரத்தை நோக்க, நேராக அழுத்துதல் வேண்டும். விளிம்பில் எண்ணெய் தடவி, கப்பியைச் செலுத்தி மூடியை நடுநிலைப்படுத்திய பின்னரே ஆணிகளை முறுக்குதல் முறை. கப்பியின் கழுத்திற் பள்ளம் விழுந்திருப்பின் புதிய வளையமும் பயன் தராது. பின்புறக் கசிவாயின், இல்லாத வளையத்தைத் தேடி எந்திரத்தை இறக்குமுன் அதன் மூச்சுக்குழாயை ஆராய்தல் நன்று. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, எண்ணெய் கிடைத்த வழியெல்லாம் வெளியேறும். அங்கே வேண்டியது புதிய உறுப்பன்று, குழாயைத் துப்புரவாக்குதலே.

பொறிக்கும் வரலாறு உண்டு. அது எக்காலத்து அறிவால் ஆக்கப்பட்டது என உணர்ந்தவனே அதன் நோயையும் இயல்பையும் பிரித்தறிவான்.