கம்புக்கு முன் கால்: சிலம்பப் பயிற்சியில் உடலைத் தயார்ப்படுத்தும் மரபு

போன வருடம் பள்ளிப் பொங்கல் விழாவுக்குச் சிலம்பக் குழு ஒன்றைத் தயார் செய்தோம். மேரு வட்டாரத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். நேரம் போதவில்லை என்று நான்தான் சொன்னேன்: "வார்ம் அப் எல்லாம் வேணாம்பா, நேரா கம்பை எடுங்க." பத்து நிமிடத்தில் ஒரு மாணவனுக்குப் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது. விழாவன்று அவன் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். ஒரு காலத்தில் தோட்டத்தில் கம்பு சுற்றிய அவன் தாத்தா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "டீச்சர், கால் பாடம் முடியாம கம்பைக் கையில குடுக்கலாமா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

சிலம்பத்தில் முதல் பாடம் கம்பு அல்ல. ஆசானுக்கும் களத்துக்கும் வணக்கம். அடுத்துக் காலடி வரிசை. குனிந்து, நிமிர்ந்து, முன்னும் பின்னும் மெதுவாக அடி வைத்து, பிறகு வேகம் கூட்டுவார்கள். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுற்றுதல் ஆகியவை தோளையும் தொடையையும் பழக்கும். கேரளக் களரிப்பயிற்றிலும் இதே ஒழுங்குதான். முதலில் உடலைப் பழக்கும் மெய்த்தாரி, அடுத்துக் கோல்தாரி, அதன் பிறகே வாளும் கேடயமும் வரும் அங்கத்தாரி. உடல் தயாராகாமல் ஆயுதம் இல்லை என்பது இரண்டு மரபுக்கும் பொதுவான விதி.

இந்தக் கலை எளிதாக நம்மிடம் வந்து சேரவில்லை. 1799இல் கட்டபொம்மனும் 1801இல் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். பாளையக்காரர் போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் தென்பகுதியில் ஆயுதங்களைத் தடை செய்து அறிக்கை விட்டார். ஆனால் கம்பு, உழவர் கையிலும் மாடு மேய்ப்பவர் கையிலும் இருந்த அன்றாடப் பொருள். அதை முழுவதும் பறிக்க எந்த ஆணையாலும் முடியாது. உடம்பு கற்ற காலடியையும் பறிக்க முடியாது.

அந்தக் காலடிதான் கப்பல் ஏறி மலாயாவுக்கு வந்தது. 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி அமைந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிந்தது. கங்காணி முறையிலான ஆள்சேர்ப்பு 1938 வரை நீடித்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரக் காடு. நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து, குனிந்து, வெட்டி, பால் சுமந்த உடம்பு அது. மாலையில் கம்பைத் தொடும்போது அந்த உடம்பு ஏற்கெனவே உழைப்பில் பழகியிருந்தது. அப்படியிருந்தும் ஆசான்கள் கால் பாடத்தை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். காலையிலிருந்து மேசையிலும் பள்ளி வேனிலும் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் அதிகமாகத் தேவையல்லவா?

பள்ளியில் நாம் செய்யும் வெதுப்பல் பயிற்சி வேறொரு வழியில் வந்தது. 1813இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் உடற்பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வரிசையில் நின்று எண்ணிக்கைக்குக் கைகால் அசைக்கும் அவரது முறை பிரிட்டிஷ் பள்ளிகளில் பரவி, காலனி நாடுகளுக்கும் போனது. அது தவறான முறை அல்ல. ஆனால் நின்ற இடத்தில் காலை நீட்டிப் பிடிப்பது மட்டுமே வெதுப்பல் என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் சிக்கல்.

விளையாட்டு அறிவியல் இன்று சொல்வது தாத்தா பக்கம்தான் நிற்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் தசையை நீட்டிப் பிடித்தால், உடனே பின்தொடரும் பாய்ச்சலுக்கு வேண்டிய விசை சற்றுக் குறையலாம். மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டும் அசைவுகள் இரத்த ஓட்டத்தையும் தசையின் வெப்பத்தையும் உயர்த்தி, மூட்டுகளை இலகுவாக்கும். காற்பந்துக்காக ஃபிஃபா 2006இல் கொண்டுவந்த 11+ பயிற்சியும் ஓட்டம், சமநிலை, தசை வலு என்று அசைவுகளால் ஆனதே. அது காயங்களைக் குறைத்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீட்டிப் பிடிக்கும் பயிற்சியை ஆட்டம் முடிந்து தணிக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

இந்த வருடம் எங்கள் குழுவுக்கு முதல் பதினைந்து நிமிடம் கம்பே கிடையாது. இரண்டு நிமிடம் மெல்லோட்டம், வணக்கம், மணிக்கட்டும் தோளும் சுழற்றுதல், மெதுவான காலடி, பிறகு வேகக் காலடி. அதன் பிறகே கம்பு. போன வருடம் உட்கார்ந்திருந்த மாணவன்தான் இப்போது காலடி சொல்லிக்கொடுக்கிறான்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. "பாரம்பரியக் கலைகளைப் பேணுதல்" என்று கட்டுரைத் தலைப்பு வந்தால், "அழிந்து வருகிறது, காப்போம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தடை, புலம்பெயர்வு, தோட்ட வாழ்க்கை, பள்ளி என்று காரணத்தையும் விளைவையும் ஆண்டோடு கோத்து எழுதுங்கள். ஒரு கலையைப் பேணுவதென்றால் மேடையில் காட்டும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. யாரும் கைதட்டாத அந்த முதல் பதினைந்து நிமிடத்தையும் சேர்த்துப் பேணுவதுதான்.