கடன்காரன் என்பவன் யார்?

"கடன்காரன் வாசலில் வந்து நிற்கிறான்" என்கிறோம். இங்கே கடன்காரன் கொடுத்தவன். "வியாபாரம் நொடித்துக் கடன்காரனாகிவிட்டான்" என்கிறோம். இங்கே அவன் வாங்கியவன். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் தமிழ் ஒரே பெயரை வைத்திருக்கிறது. பேச்சில் குழப்பம் வருவதில்லை. இடத்தைக் கொண்டு பொருள் புரிந்துவிடுகிறது. ஆனாலும் எதிரெதிரே நிற்கும் இருவரை ஒரு சொல் எப்படிச் சேர்த்துக் கட்டியது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான விடை 'கடன்' என்ற சொல்லின் பழைய பொருளில் இருக்கிறது.

புறநானூற்றின் 312ஆம் பாடல் பொன்முடியார் பாடியது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், போருக்குப் போகும் மகன் என ஐவருக்கும் உரிய கடன் இன்னது என்று அடுக்கிச் சொல்வது அந்தப் பாட்டு. அதில் காசு பற்றிய பேச்சே இல்லை. கடன் என்றால் செய்தே ஆக வேண்டியது. திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதல் குறளிலேயே 'கடப்பாடு' என்ற சொல் வருகிறது. அங்கே அது திரும்பப் பெறும் எண்ணமின்றிச் செய்யும் கடமை. கடன், கடமை, கடப்பாடு எல்லாம் ஒரே குடும்பம். மலையாளத்தில் 'கடம்' என்றும் கன்னடத்தில் 'கட' என்றும் இதன் உறவுகள் வாழ்கின்றன.

அந்தப் பழைய பொருள் இன்னும் நம் வீடுகளில் புழங்குகிறது. பொழுது விடிந்ததும் காலைக்கடன். குலசாமிக்கு நேர்த்திக்கடன். இறந்தவருக்கு நீர்க்கடன். உதவியவருக்கு நன்றிக்கடன். இவற்றில் எதையும் தட்டிக்கழிக்க முடியாது. தள்ளிப்போட்டால் மனதை உறுத்தும். பணம் கடனாகும் முன்பே, கடன் என்பது மனிதரை மனிதரோடு பிணைக்கும் கயிறாக இருந்தது. கயிற்றுக்கு இரு முனை உண்டு. கடன்காரன் என்ற சொல் இரண்டு முனையிலும் நிற்பவரைக் குறித்ததில் வியப்பில்லை.

கல்வெட்டுகளிலும் இதே குடும்பத்தைக் காணலாம். சோழர் காலத்தில் நிலவரிக்குப் பெயர் 'கடமை'. கோயில் அறக்கட்டளைப் பணத்தைப் பெற்றுக்கொண்ட ஊர்ச் சபையார் ஆண்டுதோறும் இன்னது தருவதற்குக் 'கடவோம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். கட்டுப்பட்டோம் என்பது அதன் பொருள். அந்தப் பணத்துக்கான வட்டியைப் 'பொலிசை' என்றார்கள். பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். களத்து மேட்டில் நெல்லைப் பொலி என்பதும் இந்தச் சொல்தான். இன்று நாம் சொல்லும் 'வட்டி', வளர்ச்சி என்று பொருள்படும் 'விருத்தி' பிராகிருதம் வழியாகத் தேய்ந்து வந்தது. எந்த மொழியிலிருந்து வந்தாலும் வட்டி என்ற சொல்லுக்குள் வளர்ச்சிதான் இருக்கிறது. யாருடைய வளர்ச்சி என்பதுதான் கேள்வி.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று கணக்குச் சொல்கின்றன. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு. நம் ஊர்ப் பேச்சில் 'ஒரு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், ஆண்டுக்கு 12 விழுக்காடு. ஆயிரம் ஆண்டுக்கு முன் கோயில் பண்டாரம் கேட்டதும் இன்று கிராமத்தில் நியாய வட்டி என்று சொல்வதும் ஏறக்குறைய ஒரே அளவு. நம் இளைஞருக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம் இந்த மாற்றுக் கணக்குத்தான். தெருவில் வட்டி மாதக் கணக்கில் பேசப்படுகிறது. வங்கியில் ஆண்டுக் கணக்கில். "இரண்டு வட்டிதானே" என்று காதில் விழுவது ஆண்டுக்கு 24. "மூன்று வட்டி" என்பது 36. பன்னிரண்டால் பெருக்கத் தெரிந்தாலே பாதி ஏமாற்றம் விலகும்.

வட்டி நியாய அளவை மீறியபோது தமிழ்த் தெரு அதற்கும் பெயர்கள் வைத்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல். 2003ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அதீத வட்டியைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது, அதன் ஆங்கில வாசகத்திலேயே கந்துவட்டியும் மீட்டர் வட்டியும் தண்டலும் அப்படியே இடம்பெற்றன. அந்தக் கொடுமையை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல ஆங்கிலத்தில் சொல் இல்லை.

தண்டல் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் கடன் என்று பேச்சு. 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பதினைந்து விழுக்காடுதான் என்று தோன்றும். ஆனால் கைக்கு வந்தது 8,500. அதுவும் அன்றாடம் கரைந்துகொண்டே வருகிறது. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 120 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். காய்கறி வண்டி தள்ளும் பெண்ணுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர யாரும் இருந்ததில்லை.

'தவணை' என்ற சொல்லின் பயணமும் கவனிக்கத்தக்கது. தவணை என்றால் முதலில் கெடு, குறித்த காலம். பர்மாவில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் குறித்த மாதங்களுக்கு வாங்கிய வைப்பைத் தவணை என்றார்கள். அவ்வப்போது நிலவிய வட்டி விகிதம் அவர்களுக்கு 'நடப்பு'. இலங்கைப் பள்ளிகளில் இன்றும் முதலாம் தவணைப் பரீட்சை உண்டு. தமிழ்நாட்டிலோ, கெடுவைக் குறித்த சொல் அந்தக் கெடுவில் கட்டும் தொகையைக் குறிக்கத் தொடங்கியது. இப்போது அந்த இடத்தையும் இ.எம்.ஐ. பிடித்துக்கொண்டது.

எனக்குக் கவலை தருவது பெயர்ச்சொல் மாறியதைவிட வினைச்சொல் மாறியதுதான். நம் முன்னோர் கடன் 'பட்டார்கள்'. துன்பப்படுதல், புண்படுதல் போலக் கடன்படுதல். அந்த வினையிலேயே நோவு இருந்தது. பிறகு கடன் 'வாங்கினோம்'. வாங்குதல் என்றால் எதிரே கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைவாவது இருந்தது. இன்று லோன் 'எடுக்கிறோம்', லோன் 'போடுகிறோம்'. அலமாரியில் இருக்கும் நம் பொருளை எடுப்பதுபோல எடுக்கிறோம். கிரெடிட் கார்டில் இரண்டு லட்சம் லிமிட் 'இருக்கிறது' என்கிறான் முதல் வேலைக்குப் போன பையன். அந்த இரண்டு லட்சம் அவனுடையதன்று. கடன் என்ற சொல் வாயிலிருந்து விழுந்தபோது அதன் பாரமும் சேர்ந்தே விழுந்துவிட்டது.

பாரம் மனதில்தான் குறைந்தது; கணக்கில் குறையவில்லை. கார்டு பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் மூன்று விழுக்காட்டுக்கு மேல்கூட வட்டி ஏறும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. தெருவில் இதை மூன்று வட்டிக்கு மேல் என்பார்கள், கேட்டவர் பதறுவார். 12 விழுக்காடு 'பிளாட்' வட்டி என்று ஒரு லட்சத்துக்கு ஓராண்டுக் கடன் தந்தால் மாதம் 9,333 ரூபாய் கட்ட வேண்டும். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் முழு அசலுக்கும் கணக்கிடப்படுவதால் உண்மை வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டும். இதைத் தெளிவாகத் தெரிவிக்கும் முக்கிய விவரக் குறிப்பைக் கடன் கேட்பவருக்கு முன்னரே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. கையெழுத்துக்கு முன், திரையைத் தொடுவதற்கு முன், அந்த ஒரு தாளைப் படிக்க வேண்டும்.

இன்னொரு சொல் 'நாணயம்'. காசுக்கும் அதுவே பெயர், சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் அதுவே பெயர். 'நாணயமான ஆள்' என்று ஊர் சொன்னால் புரோநோட்டு இல்லாமலே பணம் கிடைத்தது. ஊரின் அந்த நினைவை இன்று எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். 2000இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் பெயரான 'சிபில்' இப்போது பொதுச்சொல்லாகிவிட்டது. மதிப்பெண் 300 முதல் 900 வரை. தவணை தவறினாலும், நாம் ஜாமீன் கையெழுத்துப் போட்ட நண்பன் கட்டாமல் விட்டாலும் அதில் பதிவாகும். அந்த அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறும் உரிமை நமக்கு உண்டு. பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். ஊர் வாய் தவறாகச் சொன்னால் திருத்த வழியிருந்ததில்லை. இங்கே இருக்கிறது. இதை நம் பிள்ளைகள் கல்லூரி முடிக்கும் முன் அறிய வேண்டும்.

மீண்டும் பொன்முடியாரின் பாட்டுக்கு வருகிறேன். ஒருவன் உருவாக ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடன் உண்டு என்று கணக்கெடுத்தவர் அவர். அந்தக் கணக்கை இன்று நீட்டினால் வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கச் சொல்லித்தருவது ஆசிரியர்க்குக் கடன். குடும்பத்தின் வரவையும் தவணையையும் ஒளிக்காமல் பிள்ளைகள் முன் பேசுவது பெற்றோர்க்குக் கடன். திருப்பிக் கட்ட முடியாதவனிடம் கொடுக்காமல் இருப்பதும், கொடுப்பதை மறைவின்றிச் சொல்வதும் வங்கிக்குக் கடன். வாங்கியதை நாள் தவறாமல் அடைப்பது இளையவர்க்குக் கடன். இந்த நான்கு பேரும் கடன்காரர்தாம். தமிழ் அதை ஒரே சொல்லில் முன்பே சொல்லி வைத்திருக்கிறது.