இரவுக்கு இரண்டு படங்களே போதும்: சிறுகோள்களைக் கண்டறியும் ‘ஹீலியோலிங்க்3டி’ மென்பொருள்

ஹவாய் பல்கலைக்கழகம் இயக்கும் அட்லஸ் தொலைநோக்கிகள் 2022 செப்டம்பரில் எடுத்த படங்களில், ஏறத்தாழ 180 மீட்டர் அளவுள்ள சிறுகோள் ஒன்று நான்கு இரவுகளில், இரவுக்கு மூன்று முறை வீதம் பதிவாகியிருந்தது. ஆயினும் அது எவர் கவனத்துக்கும் வரவில்லை. மறு ஆண்டு, அதே தரவுகளை ‘ஹீலியோலிங்க்3டி’ என்ற மென்பொருள் அலசியபோதுதான் அது வெளிப்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆரி ஹைன்ஸ் இம்மென்பொருளை உருவாக்கியவர்களில் முதன்மையானவர்.

2022 எஸ்எஃப்289 எனப் பெயரிடப்பட்ட அச்சிறுகோளின் பாதை, பூமியின் சுற்றுப்பாதையை சுமார் 2.25 லட்சம் கி.மீ. வரை நெருங்குகிறது. இது நிலவின் தொலைவைவிடக் குறைவு. ‘ஆபத்து விளைவிக்கக்கூடியவை’ என்ற பட்டியலில் அச்சிறுகோள் சேர்க்கப்பட்டது. பூமியின் பாதையை நெருங்குவதும் பூமியையே நெருங்குவதும் ஒன்றல்ல. பரபரப்புச் செய்திகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. கணிக்கக்கூடிய எதிர்காலத்தில் இச்சிறுகோளால் பூமிக்கு ஆபத்து இல்லை.

அட்லஸ் திட்டத்தின் வழக்கமான விதிப்படி, ஒரே இரவில் நான்கு முறை தென்பட்டால்தான் நகரும் புள்ளி சிறுகோளாகக் கருதப்படும். கருவியின் பிழைகளும் பிற ஒளிச்சிதறல்களும் தற்செயலாக ஒரே கோட்டில் அமைந்து ஏமாற்றிவிடக்கூடும் என்பதே இதற்குக் காரணம். பால்வீதியின் நெருக்கமான விண்மீன்களுக்கிடையே சென்றதால், 2022 எஸ்எஃப்289 ஓரிரவுகூட நான்காவது முறை சிக்கவில்லை.

சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861-இல் ‘ஏசியா’ என்ற சிறுகோளைக் கண்டறிந்த காலத்தில், விண்மீன் வரைபடமும் மனிதக் கண்ணுமே கருவிகளாக இருந்தன. இன்றோ படங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றிலுள்ள கோடிக்கணக்கான புள்ளிகளில் எவையெவை ஒரே பொருளுக்கு உரியவை என்று பிரித்தறிவதே சிக்கல்.

படத்திலுள்ள ஒரு புள்ளி, பொருள் இருக்கும் திசையை மட்டுமே காட்டும், தொலைவைக் காட்டாது. மேலும், பூமியும் நகர்ந்துகொண்டிருப்பதால், ஓடும் ரயிலிலிருந்து பார்க்கையில் மரங்கள் பின்னோக்கி ஓடுவது போல, சிறுகோளின் பாதையும் திரிந்து தோன்றும். மேத்யூ ஹோல்மன் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஹீலியோலிங்க் முறை, பார்வையிடத்தைப் பூமியிலிருந்து சூரியனுக்கு மாற்றுகிறது. ஓரிரவில் பதிவான புள்ளிகளை முதலில் இணைகளாக்கி, அப்பொருள் சூரியனிலிருந்து இன்ன தொலைவில் உள்ளது, இன்ன வேகத்தில் விலகுகிறது அல்லது நெருங்குகிறது என்று ஓர் ஊகத்தை அது எடுத்துக்கொள்ளும். அதன்படி, குறிப்பிட்ட ஒரு நாளில் அப்பொருள் எங்கே இருக்கும் எனக் கணக்கிடும். ஊகம் சரியெனில், வெவ்வேறு இரவுகளின் இணைகள் ஒரே இடத்தில் வந்து குவியும், தவறெனில் சிதறிவிடும். இவ்வாறு எண்ணற்ற ஊகங்களைச் சோதிப்பது மனிதரால் இயலாதது. கணினிக்கோ அது வெறும் உழைப்பு.

இம்மென்பொருள் சிலி நாட்டின் செர்ரோ பச்சோன் மலையிலுள்ள வேரா ரூபின் வானாய்வகத்துக்காக எழுதப்பட்டது. 8.4 மீட்டர் ஆடியும் 3,200 மெகாபிக்சல் கேமராவும் கொண்ட அத்தொலைநோக்கி, வானின் ஒரு பகுதியை இரவுக்கு இரண்டு முறை மட்டுமே படமெடுக்கும். நான்கு படங்கள் கட்டாயமெனில், ஓரிரவில் அது காணும் வானப்பரப்பு பாதியாகக் குறைந்துவிடும். 2025 ஜூனில் வெளியான அதன் தொடக்கப் படங்களில், சுமார் 10 மணி நேரக் கண்காணிப்பிலேயே 2,104 புதிய சிறுகோள்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் 7 பூமிக்கு அருகில் வருபவை. உலகின் பிற தொலைநோக்கிகள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 20,000 சிறுகோள்களையே கண்டறிகின்றன.

140 மீட்டருக்கு மேற்பட்ட, பூமியை நெருங்கும் பொருள்களில் 90 சதவீதத்தை 15 ஆண்டுகளுக்குள் கண்டறிய வேண்டும் என அமெரிக்க நாடாளுமன்றம் 2005-இல் நாசாவுக்கு ஆணையிட்டது. அக்கெடு முடிந்தும், மதிப்பிடப்பட்டவற்றில் பாதிகூட அகப்படவில்லை.

எனினும், படத்தில் இல்லாததை எந்த மென்பொருளாலும் கண்டறிய இயலாது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷியாவின் செல்யபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்துச் சிதறி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடையக் காரணமான சுமார் 20 மீட்டர் விண்கல், சூரியன் இருந்த திசையிலிருந்து வந்ததால் முன்கூட்டியே அறியப்படவில்லை. தரையிலுள்ள தொலைநோக்கிகளுக்கு எளிதில் எட்டாத, சூரியனுக்கு நெருக்கமான வானப்பகுதிகளையும் கண்காணிக்கும் வகையில், ‘நியோ சர்வேயர்’ என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியை நாசா உருவாக்கி வருகிறது.