செரங்கெற்றி: மழைக்குப் பின்னால் போகும் மந்தைகள்



நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் நிற்கிற ஜேர்மன்காரருக்கு ஓய்வெடுக்க இன்னும் இரண்டு வருடம்தான். அதுக்கு முதல் மனுசியோடு தன்சானியாவுக்குச் சபாரி போக வேணுமாம். சபாரி என்பது சுவாகிலி மொழியில் பயணம். அரபுச் சொல்லில் இருந்து வந்தது. எங்கட முஸ்லிம் சகோதரர்கள் 'சபர்' என்று சொல்வதும் அதே சொல்தான். எந்த மாதம் லீவு போடுறது எண்டதுதான் மனிசனுக்குப் பிரச்சினை. "நீ வாசிக்கிற ஆள், பார்த்துச் சொல்லு" என்றார். ஏ.எல். உடன் படிப்பு நின்று போனாலும் வாசிக்கிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. லீவுக் கணக்கில் தொடங்கியது ஒரு சரித்திரத்திலே போய் முடிந்தது. அதையே இங்கு எழுதுகிறேன்.

ஜேர்மன் மொழியில் க்னு என்றும் ஆங்கிலத்தில் வில்டபீஸ்ட் என்றும் சொல்லப்படும் விலங்கு பார்த்தால் மாடு மாதிரி, ஆனால் மான் இனம். இலட்சக்கணக்கான க்னுக்கள், வரிக்குதிரைகளோடு சேர்ந்து, தன்சானியாவின் செரங்கெற்றிக்கும் கென்யாவின் மசாய் மாராவுக்கும் இடையில் வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, மணிக்கூட்டு முள்ளு சுத்துற பக்கமாக. அவற்றுக்குக் கலண்டர் மழைதான். மார்கழி தொடங்கிப் பங்குனி வரை தெற்கே கட்டைப்புல் வெளியில் நிற்கும். அந்த மண் எரிமலைச் சாம்பல் விழுந்த மண், புல்லில் கல்சியமும் பொஸ்பரசும் கூட. பால் கொடுக்கிற தாய்க்கு அது வேணும். அதனால் தை, மாசியில் அங்கேதான் கன்று போடும், அநேகமாக எல்லாம் இரண்டு மூன்று கிழமைக்குள்ளே. சிங்கமும் கழுதைப்புலியும் எத்தனையைத்தான் தின்னும்? மிச்சம் தப்பி விடும்.

நாங்கள் இந்த மலரை வாசிக்கிற சித்திரையில் அங்கே பெருமழை, வாகனம் புதையும் காலம். மந்தை மேற்கே நகரத் தொடங்கும். ஆனி அளவில் குருமெற்றி ஆறு, ஆடியிலிருந்து ஐப்பசி வரை முதலைகள் நிறைந்த மாரா ஆறு. ரிவியில் எல்லோரும் பார்த்த ஆறு தாண்டும் காட்சி இதுதான். கார்த்திகைச் சிறுமழையோடு மறுபடி தெற்கே. ஆறு தாண்டுறதைப் பார்க்க வேணுமெண்டால் ஆவணி, புரட்டாதி, கன்றுகளைப் பார்க்க மாசி என்று சொன்னேன். நாள் குறித்துக் கொடுக்க ஒருவராலும் முடியாது. மழை பிந்தினால் எல்லாம் பிந்தும்.

இந்த நேரக் கணக்கை முதலில் படித்தவர்கள் சுற்றுலாக் கொம்பனிக்காரர் அல்ல, மாடு மேய்க்கிற மசாய் மக்கள். க்னுக் கன்றுகளிடம் ஒரு வைரஸ் உண்டு. க்னுவை ஒன்றும் செய்யாது, மாட்டுக்குத் தொற்றினால் அநேகமாகச் சாவுதான். அதனால் க்னு கன்று போடுற காலத்தில் மசாய்க்காரர் மாடுகளை அந்த வெளியிலிருந்து ஒதுக்கிக் கொண்டு போவார்கள். ஒரே புல்லை முறை வைத்து இரண்டு பகுதியும் தின்றன. செரங்கெற்றி என்ற பெயரே அவர்களுடைய மொழியில் இருந்து வந்ததுதான், முடிவில்லாமல் போகிற நிலம் என்று பொருள்.

அந்த வாழ்வை உடைத்தது ஒரு இராணுவத்தின் சாப்பாட்டு ஏற்பாடு. 1887 அளவில் இத்தாலிப் படை எரித்திரியாவில் நின்றபோது வெளியிலிருந்து கொண்டுவந்த மாடுகளோடு ரின்டர்பெஸ்ட் என்னும் மாட்டுக் கொள்ளைநோய் ஆபிரிக்காவுக்குள் இறங்கியது. பத்து வருடத்துக்குள் தென் முனை வரை போய்விட்டது. பத்து மாட்டில் ஒன்பது செத்தது என்று எழுதியிருக்கிறார்கள். கூடவே அம்மை நோய், வறட்சி. மசாய்க்காரர் அந்தக் காலத்தை 'எமுத்தாய்' என்பார்கள், துடைத்தழிப்பு. 1892 இல் ஒஸ்கார் பவுமான் என்ற ஒஸ்திரிய நாட்டவர் ங்கோரொங்கோரோ பக்கம் போனபோது எலும்பும் தோலுமான மக்களைக் கண்டு எழுதி வைத்தார். க்னுக்களும் இலட்சக்கணக்கில் செத்தன. அதுக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர் ஆள் குறைந்த வெளியைப் பார்த்து, ஆதியிலிருந்தே இது மனிசர் இல்லாத காடு என்று நினைத்துவிட்டார்கள்.

இந்த நோய் எங்களுக்கும் தூரத்து விசயம் இல்லை. 1987 இல் இந்திய அமைதிப்படைக்கு இறைச்சிக்கென்று கொண்டுவந்த ஆடுகளோடு அது இலங்கைக்குள் மறுபடி வந்தது என்பது மிருக வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிற சங்கதி. நூறு வருட இடைவெளியில் இரண்டு படை, ஒரே நோய்.

செரங்கெற்றியை 1951 இல் பிரித்தானிய ஆட்சி தேசியப் பூங்காவாக்கியது. மசாய்க்காரர் உள்ளேதான் இருந்தார்கள். பிறகு எல்லையை மாற்றும் பேச்சு வந்தபோது, பிராங்பேர்ட் மிருகக்காட்சிச்சாலை இயக்குநர் பேர்ன்ஹார்ட் கிசிமெக், மகன் மிக்கேலையும் கூட்டிக்கொண்டு வரிக்குதிரை மாதிரிக் கோடு அடித்த ஒரு சின்ன விமானத்தில் அங்கே போனார். விலங்குகளை எண்ணினார்கள். அவை எந்த மாதம் எந்தப் பக்கம் போகின்றன என்று படம் கீறினார்கள். போடப் போகிற எல்லைக்கு வெளியேயும் மந்தை போகிறது என்று காட்டினார்கள். 1959 தையில் விமானம் ஒரு கழுகோடு மோதி விழுந்து மிக்கேல் இறந்தார், வயது 24. ங்கோரொங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் அடக்கம் செய்தார்கள். அவர்கள் எடுத்த 'செரங்கெற்றி சாகக்கூடாது' என்ற படத்துக்கு ஒஸ்கார் பரிசு கிடைத்தது.

தகப்பன் பட்ட துக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் பூங்காவுக்குள் அந்த நிலத்து மனிசர்கூட இருக்கக்கூடாது என்ற கொள்கைக்காரர். 1958 இல் மசாய் மூத்தவர்கள் சிலரிடம் செரங்கெற்றியை விட்டுப் போக ஒப்புதல் வாங்கப்பட்டது. 1959 இல் அவர்களுக்கென்று ஒதுக்கியது ங்கோரொங்கோரோ. அங்கே இருக்கலாம் என்று வாக்கும் கொடுத்தார்கள்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. க்னு பெருகினது ஆக்களை வெளியேற்றினதால் இல்லை. 1950களின் கடைசியில் வோல்ரர் பிளவ்றைற் என்பவர் கென்யாவில் நல்லதொரு தடுப்பூசியைக் கண்டுபிடித்தார். சுற்றவர உள்ள ஊர் மாடுகளுக்கு ஊசி போட, க்னுவிலும் நோய் நின்றது. நோயைக் காட்டுக்குள் வைத்திருந்தது க்னு இல்லை, மாட்டிலிருந்துதான் அதுக்குப் போனது என்று அப்போதுதான் விளங்கியது. 1961 இல் இரண்டரை இலட்சமாக இருந்த க்னு 1977 இல் 13 இலட்சம். (2025 இல் செய்மதிப் படத்தை வைத்து எண்ணியவர்கள் ஆறு இலட்சத்துக்கும் குறைவு என்றார்கள். எண்ணுற சண்டை இன்னும் முடியவில்லை.) 2011 இல் அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். மாட்டின் கையைப் பிடித்து, ஒரு காடு பிழைத்தது.

அதே 1977 இல் தன்சானியாவும் கென்யாவும் கோபித்துக்கொண்டு எல்லையைப் பூட்டின, 1983 வரை. க்னு வழமைபோல ஆடியில் போய்க் கார்த்திகையில் வந்தது.

2022 இல் லொலியொண்டோவில் 1500 சதுர கிலோமீற்றர் நிலத்துக்கு எல்லைக்கல்லு நட வந்த பொலிசுக்கும் மசாய்க்காரருக்கும் மோதல். பலர் கென்யாவுக்கு ஓடினார்கள். ங்கோரொங்கோரோவில் இருக்கிறவர்களையும் பல நூறு கிலோமீற்றர் தள்ளி ம்சொமேராவுக்குப் போகச் சொல்லி அரசாங்கம் அந்த வருடமே அனுப்பத் தொடங்கியது. தாய்தகப்பன் காலத்தில் ஒருமுறை, பிள்ளையள் காலத்தில் இன்னொரு முறை.

பக்கத்து மெஷின்காரர் மாசிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். சின்னனில் ரிவியில் கிசிமெக்கின் நிகழ்ச்சி பார்த்து வளர்ந்தவர், அந்தக் கல்லறையையும் பார்க்க ஆசை. நான் மசாய்க்காரரின் கதையைச் சொன்னேன். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அவையள் மாட்டை இப்ப எங்கை கொண்டு போகினம்?" என்ற மாதிரிக் கேட்டார். மணி அடித்தது, நாங்கள் மெஷினுக்குப் போனோம்.