கோனோடாக்சின்கள்

கூம்பு நத்தைகளின் (கோனஸ் பேரினம்) நஞ்சில் உள்ள சிறு பெப்டைடுகள். பெரும்பாலானவை 10 முதல் 30 அமினோ அமிலங்களே கொண்டவை. சிஸ்டீன்களுக்கு இடையிலான டைசல்பைடு பிணைப்புகள் இவற்றை இறுக்கி மடித்திருப்பதால், ஒவ்வொன்றும் நரம்பின் குறிப்பிட்ட ஏற்பியையோ அயனிக் கால்வாயையோ மட்டும் தேடிப் பற்றுகிறது. கொல்லும் வலிமையைவிட இந்தத் துல்லியமே இவற்றின் பெருமை.

நத்தையின் நஞ்சு மனிதரைக் கொல்லும் என்பது ஐரோப்பிய நூல்களில் 1705இலேயே பதிவாகிவிட்டது. அம்போன் தீவில் டச்சுக் கம்பெனிப் பணியில் இருந்த ரம்பியஸின் நூல், அவர் இறந்த பிறகு அவ்வாண்டில் வெளியானது. பண்டா தீவில் கரைவலை இழுக்கையில் இந்த நத்தையைக் கையில் எடுத்த அடிமைப் பெண்ணுக்குக் கையில் லேசான அரிப்பு தொடங்கி, தோள் வழியே உடலெங்கும் பரவி உயிர் போனதை அது சொல்கிறது. அவள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஊசிபோன்ற உட்குழிந்த பல்லை எய்து இந்நத்தைகளில் சில மீனையே பிடித்து விழுங்குவதை 1956இல் உயிரியலாளர் ஆலன் கோன் விளக்கினார்.

நஞ்சின் வேதியியலைத் திறந்தவர் மணிலாவில் பிறந்த பால்டொமெரோ ஒலிவெரா. அமெரிக்காவில் டிஎன்ஏ ஆய்வில் பயின்று ஊர் திரும்பியவருக்கு, அந்த ஆய்வைத் தொடரக் கருவிகள் இல்லை. ஆனால் நத்தை கிடைத்தது; சக ஆய்வாளர் லூர்தெஸ் குரூஸுடன் சேர்ந்து கோனஸ் ஜியோகிராபஸின் நஞ்சைப் பிரித்தார். தசையைச் செயலிழக்கச் செய்யும் ஆல்பா கோனோடாக்சின் இப்படித்தான் வந்தது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில், அசிட்டைல்கோலினைப் பெறும் நிக்கோட்டினிக் ஏற்பியை அது அடைக்கிறது.

பெரிய திருப்பம், ஒலிவெரா பின்னர் சென்ற அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நேர்ந்தது. நஞ்சின் கூறுகளைச் சுண்டெலியின் வயிற்றில் செலுத்துவதை விட்டு, நேரே மூளையில் செலுத்திப் பார்க்கலாம் என்றார் கிரெய்க் கிளார்க் என்ற இளநிலை மாணவர். ஒரு கூறு எலியை நடுங்க வைத்தது, இன்னொன்று சொறிய வைத்தது. வேறொன்று குட்டிகளைத் தூங்கவைத்து, வளர்ந்தவற்றை ஓயாமல் ஓடவைத்தது. ஒரே நஞ்சுக்குள் இத்தனை தனித்தனி மருந்துப் பொருள்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

நடுங்க வைத்த வகையில் ஒன்றை, கோனஸ் மேகஸிலிருந்து பிரித்தவர் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு ஒலிவெராவின் ஆய்வகத்தில் சேர்ந்த மைக்கேல் மெக்கின்டாஷ். 25 அமினோ அமிலங்கள் கொண்ட அந்த ஒமேகா கோனோடாக்சின், முதுகுத் தண்டில் வலிச் செய்தியைக் கடத்தும் நரம்பு முனைகளின் ‘என்’ (N) வகைக் கால்சியம் கால்வாயை மூடுகிறது. அதே அமைப்பில் செயற்கையாகத் தயாரித்த ஜிகோனோடைடு, 2004 டிசம்பரில் அமெரிக்காவில் வலி மருந்தாக அனுமதி பெற்றது. மார்ஃபின்போல உடல் இதற்குப் பழகிப்போவதில்லை. ஆனால் பம்ப் வைத்துத் தண்டுவட நீரில்தான் செலுத்த வேண்டும். மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் வரக்கூடும். ஆகவே மற்றச் சிகிச்சைகள் பலிக்காத கடும் வலிக்கே இது தரப்படுகிறது.

ஆல்பா வகைகள் இன்று நிக்கோட்டினிக் ஏற்பியின் உட்பிரிவுகளைப் பிரித்தறிய உதவுகின்றன. இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸிலிருந்து இந்திய ஆய்வாளர்கள் 2003இல் விவரித்த டெல்டா பெப்டைடு வேறு வகை: சோடியம் கால்வாயை அடைக்காமல், திறந்தது மூடுவதைத் தடுக்கிறது.