‘இயலாதவர்’ என்ற சொல்

இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 2(14), ஐந்தாம் உட்பிரிவு. பெற்றோர் இருந்தும், பேணிக் காக்கத் தகுதியற்றவர், இயலாதவர் என்று குழந்தைகள் நலக்குழுவோ இளைஞர் நீதிக் குழுமமோ கண்டறிந்தால், அந்தக் குழந்தை பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை. இதுதான் அதன் சாரம். திருத்தணியில் இரவுப் பணி பார்க்கும் ஒரு சிஸ்டருக்காக இதைப் பிரித்துப் படிக்கிறேன்.

இயலாதவர்: கால் இடறுவது இங்கேதான். காது கேளாத தம்பதி, சுடுதண்ணீர் பட்ட குழந்தையைத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1960 ஏப்ரல் வரை ஆந்திராவில் இருந்த ஊர் இது; கூட வந்த பாட்டி தெலுங்கில்தான் பேசுகிறார். அம்மாவின் சைகை பாட்டி வாயில் தெலுங்காகி, வேறொருவர் வாயில் தமிழாகி வருவதற்குள் கதை மூன்று விதமாகிவிடும். பேச்சு மாறினால் சந்தேகப்படு என்பது பயிற்சியில் சொல்லித்தரும் பாடம். இங்கே மாறியது அம்மாவின் பேச்சா, இடையில் நின்றவர்களின் பேச்சா? சைகை மொழி தெரிந்தவரை வரவழைத்து அம்மாவிடமே கேட்க வேண்டும். காயத்தையும் கேட்க வேண்டும். தெறித்த தண்ணீர் ஒழுங்கில்லாமல் படரும். அமுக்கிப் பிடித்த கால், காலுறை போட்டதுபோல் நேரான விளிம்போடு வெந்திருக்கும்.

பெற்றோரின் குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது, 2007இல் இந்தியா ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு. நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவோ குழந்தையின் குறைபாட்டை மட்டுமே சொல்கிறது. பெற்றோர் விடுபட்டது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

கண்டறிந்தால்: கண்டறிவது குழுவின் வேலை. குழந்தையைக் குழுவின் முன் கொண்டுவரலாம் என்று 31ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுவோரில் செவிலியரும் உண்டு. தீர்ப்பின் பாரம் சிஸ்டர் தலையில் இல்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கச் சந்தேகத்துக்கு நியாயம் இருந்தால் போதும்.

‘பாவம், கண்ணு தெரியாதவங்க’ என்று விட்டுவிடுவதும், குறைபாட்டை வைத்தே முடிவெடுக்கும் அதே தவறின் மறுபக்கம். பாலியல் குற்றம் என்ற ஐயம் எழுந்தாலே போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு இல்லை. பார்வையற்ற பெற்றோரின் வீட்டில் கை நீட்டுபவர், கூடவே தங்கியிருக்கும் உறவினராகவும் இருக்கலாம்.

பேணிக் காக்க: தன் கையாலேயே எல்லாம் செய்ய வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. பாட்டியும் பக்கத்து வீடும் அங்கன்வாடியும் சேர்ந்ததுதான் எந்தப் பிள்ளையின் வளர்ப்பும். ஆகவே கேஸ் ஷீட்டின் முதல் வரி அம்மாவின் காதைப் பற்றியதாக இருக்க வேண்டாம். காயம் எங்கே, எவ்வளவு, வந்த நேரம், அம்மா சைகையில் சொன்னது, அதை மொழிபெயர்த்தவர் யார்.