போதலேரின் முகம்

புகைப்படக் கலையைப் பற்றி எழுத வருகிற எவரும் போதலேரின் 1859-ம் வருஷத்து ஓவியக் கண்காட்சி விமர்சனத்தைச் சுட்டாமல் விடுவதில்லை. அச்சுத் தொழிலையும் சுருக்கெழுத்தையும் போலப் புகைப்படம் விஞ்ஞானத்துக்கும் கலைக்கும் ஊழியம் செய்து கிடக்கட்டும், கற்பனையின் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அப்படிச் சொன்னவரே பலமுறை காமிரா முன் உட்கார்ந்திருக்கிறார். இதை முரண்பாடு என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. யார் முன்னால் உட்கார்ந்தார் என்று கேட்டால் விஷயம் வேறாகிறது.

அன்றைய பாரிஸில் முகம் சரக்காகிக்கொண்டிருந்தது. 1854-இல் திஸ்தேரி என்பவர் ஒரே தகட்டில் பல படங்கள் எடுத்து, விசிட்டிங் கார்டு அளவில் வெட்டித் தரும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விலை இறங்கியது, கூட்டம் ஏறியது. தூண், திரை, மேஜை என்று ஸ்டுடியோவில் தயாராக இருந்த சாமான்களுக்கு நடுவே யார் போய் நின்றாலும் ஒரே கனவான்தான் படத்தில் விழுந்தார். போதலேரின் கோபம், தன் அற்ப பிம்பத்தைப் பார்க்க முண்டியடித்த இந்தக் கூட்டத்தின் மீதுதான்.

அவர் தன் முகத்தை ஒப்படைத்தது நதாரிடமும் கார்ஜாவிடமும். இந்த இரண்டு பேருமே கேலிச்சித்திரக்காரர்கள் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. நதார் அவருடைய நண்பர். 1854-இல் 200-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களை ஒரே ஊர்வலமாக வரைந்து கல்லச்சில் வெளியிட்டவர். ஒரு முகத்தில் எதை விட்டுவிடலாம் என்பது கேலிச்சித்திரக்காரனுக்கு முதல் பாடம். காமிராவுக்கு இந்த ஞானம் கிடையாது, எதையும் விடாது. ஆகவே விடத் தெரிந்தவன் அதன் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. நதார் தூணையும் திரையையும் அகற்றினார். வெறும் பின்னணி, பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம், எதிரே மனிதன்.

நதார் என்ற புனைபெயரைத் தம்பியும் போட்டுக்கொண்டபோது வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. 1857-இல் அண்ணன் ஜெயித்தார். புகைப்படத்தின் தத்துவத்தை ஒரு மணி நேரத்திலும் செய்முறையை ஒரு நாளிலும் கற்றுக்கொள்ளலாம், வெளிச்சத்தை உணர்வதையும் எதிரே இருப்பவரின் அகத்தைத் தொடுவதையும் கற்பிக்க இயலாது என்பது அவர் வாதம். கடைப் பெயருக்காக நடந்த சண்டையில் ஒரு கலைக் கொள்கை வெளிவந்துவிட்டது.

1865 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸிலிருந்து போதலேர் தன் தாயாருக்கு எழுதிய கடிதம் இன்னும் முக்கியமானது. தாயாரின் படம் அவருக்கு வேண்டும். லு ஆவ்ர் நகரில் நல்ல புகைப்படக்காரர் இருக்கிறார். ஆனால் படம் எடுக்கும்போது தானும் கூட இருக்க வேண்டும் என்கிறார். தேர்ந்தவர்களுக்குக்கூட ஒரு பைத்தியம் உண்டு: மருவும் சுருக்கமும் எவ்வளவு துலக்கமாக விழுகிறதோ, படம் அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். தான் விரும்புவது அச்சு அசலான சாயல். ஆனால் கோட்டோவியத்தின் மென்மையோடு. பாரிஸுக்கு வெளியே அது தெரிந்தவர்கள் அரிது.

இதை அழகுபடுத்தச் சொல்லும் ஆசை என்று கொள்வதற்கில்லை. கார்ஜா எடுத்த படத்தைப் பாருங்கள். இறுகிய உதடுகள், நம்மைக் குற்றம் சாட்டுகிற நேர்ப்பார்வை. முகஸ்துதி ஓர் இழைகூட இல்லை. அந்தப் படத்தை மானே கொண்டுவந்து காட்டியபோது, 1863 அக்டோபரில், போதலேர் கார்ஜாவுக்கு நன்றி எழுதினார்: பூரணம் என்று சொல்வதற்கில்லை, பூரணம் அசாத்தியம், ஆனாலும் இவ்வளவு நல்லதை அபூர்வமாகவே கண்டிருக்கிறேன் என்கிற தொனியில். ஓவியங்களை எடை போட்ட அதே தராசு. புகைப்படத்துக்குக் கலை என்ற பெயரைத் தர மறுத்தவர், நடைமுறையில் அதைக் கலையாகவே விசாரித்திருக்கிறார்.

நாமோ தொகுப்பின் பின்னட்டைக்குக் கல்யாண ஆல்பத்திலிருந்தோ ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்தோ ஒரு படத்தை உருவிக் கொடுத்துவிடுகிறோம். முகத்தில் அக்கறை காட்டுவது அகந்தை என்று ஒரு நினைப்பு. அட்டை ஓவியத்துக்கு ஓவியனைத் தேடி அலைகிறோம், அச்சுப் பிழைக்காக இரவெல்லாம் கண் விழிக்கிறோம். வாசகன் முதலில் சந்திக்கிற அந்த முகத்தைப் படிக்க ஒருவனைத் தேடுவதில்லை. போதலேர் தேடினார். அவருடைய ஒரு வரியைக்கூடப் படிக்காதவர்களுக்கும் இன்று அந்த முகம் தெரியும்.